நாலு குப்பி

நர்ஸ் எஸ்தர் செல்வக்கனி நாலு குப்பி தந்தாள்.
விரல் நீளம்தான். அடியில் மஞ்சள் பூசிய ஒரு காய்ந்த தாள்.
"கோடு வரைக்கும் பிடிங்க. மூடி வைங்க.
ஒரு நா முழுக்கத் தொடாதிய.
கறுத்துச்சின்னா அந்தத் தண்ணி வேண்டாம்."
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
அடுத்த வீட்டுப் படி ஏறிவிட்டாள்.

பீடித்தட்டை நகர்த்திவிட்டு
லேபிள் ஒட்டுகிற பசையால் குப்பிகளுக்குப் பேர் ஒட்டினேன்.

ஒன்று, வாசல் குழாய்.
எட்டு நாளைக்கு ஒரு ராத்திரி வரும்.
முதலில் காற்று, அப்புறம் ஒரு இருமல்,
அப்புறம் சாக்கடை வாடையோடு ஒரு வாளி,
அதைக் கொட்டிவிட்டுத்தான் குடம் வைப்போம்.
அல்வாவுக்கு ருசியே ஆற்றுத் தண்ணிதான் என்று
டவுனில் பெருமையாகச் சொல்வார்கள்.
அதே ஆறுதான்.
மேலப்பாளையத்துக்கு வருகிற வழியில்
குழாய்க்குள்ளே என்ன நடக்கிறது என்று
யாரும் சொன்னதில்லை.

இரண்டு, பள்ளிவாசல் பின்னாடி அடிபம்பு.

மூன்று, காதர் மஸ்தான் போடுகிற கேன்.
முப்பத்தைந்து ரூபாய். நீல மூடி.
ஒட்டியிருக்கிற படத்தில் ஒரு அருவி,
குற்றாலத்தில்கூட அப்படி ஒன்று கிடையாது.
சஃபியாவை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
மூன்று நாள் பாட்டில் ஏற்றிக் கூட்டி வந்ததிலிருந்து
வீட்டில் இந்தத் தண்ணிதான்.

நான்கு, குழாய்த் தண்ணியைக் கொதிக்க வைத்து ஆற்றியது.
குப்பி மிச்சம் இருந்ததால் ஊற்றினேன், வேறு காரணம் இல்லை.

டிவிக்கு மேலே வரிசையாக வைத்தாயிற்று.
இலை வெட்டினேன், தூள் வைத்துச் சுருட்டினேன்,
ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன்.
காலையில் முதல் குப்பி டீ நிறம்.
லுகருக்குப் பாங்கு சொல்லும்போது பீடித்தூள் நிறம்.
சாயங்காலம் அதில் நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கறுப்பு.

அது தெரிந்ததுதான். குழாயை யார் நம்பினார்கள்?

அடிபம்பு கறுக்கவில்லை.
ஆனால் அந்த உப்பில் பருப்பு வேகாது,
சஃபியா ஒரு மடக்கு குடித்துவிட்டுத் துப்புவாள்.

மூன்றாவது குப்பியை ராத்திரிதான் பார்த்தேன்.
கரண்ட் போய்த் திரும்பி வந்த வெளிச்சத்தில்.
முதலில் நிழல் என்று நினைத்தேன்.

காலையில் காதர் மஸ்தான் வந்ததும்
ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்தேன்.
வெயிலில் தூக்கிப் பார்த்தான். குலுக்கிப் பார்த்தான்.
"லாத்தா, இத வெளிய யாருக்கும் காட்டாதிய" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"எங்க வீட்லயும் இதே கேன்தான்.
பிள்ளைக்குப் பால்மாவு இதுலதான் கரைக்கோம்."
தோளில் இருந்த கேனை
இறக்கவும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை.
தெருநாய் ஒன்று அவன் காலை மோந்துவிட்டுப் போனது.

சண்டை போடத்தான் ராத்திரி முழுக்க வார்த்தை சேர்த்திருந்தேன்.

இப்போது கணக்கு இது.
ஒரு சிலிண்டர், நாலாயிரம் பீடி.
கேன் காசு மிச்சம், அது கொஞ்சம் தாங்கும்.
பொங்கி வந்த பிறகு மூன்று பீடி சுருட்டும் நேரம் எரியவிட்டு
அடுப்பை அணைப்பேன்.
மூடி வைப்பேன். கையை உள்ளே விடாமல்
நீளக் கரண்டியால் மோப்பேன்.
"செத்த தண்ணி உம்மா, ருசியே இல்ல" என்கிறாள் சஃபியா.
இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றினால்
கொஞ்சம் உயிர் வருகிறது.
கொஞ்சம்தான்.

நேற்று மஃரிபுக்குப் பிறகு
காதர் மஸ்தான் பெண்டாட்டி ரிஸ்வானா வந்தாள்.
முந்தானைக்குள்ளே பால் பாட்டில்.
"ஆறினது இருக்கா லாத்தா?"
எங்கள் வீட்டுத் தண்ணியை
அவள் வீட்டுப் பிள்ளைக்கு ஊற்றும்போது
கை நடுங்கியது எனக்கு.
இரண்டு வீட்டுக்கு எத்தனை ஆயிரம் பீடி என்று
அவள் தெரு திரும்பிய பிறகுதான் யோசித்தேன்.

ஒரு நாள் போதும் என்றுதான் எஸ்தர் சொன்னாள்.
இன்றைக்கு ஆறாம் நாள்.
நாலாவது குப்பியை இன்னும் எறியவில்லை.

ராத்திரி இரண்டு மணி. குழாய் இருமுகிறது.
முதல் வாளியைக் கொட்டிவிட்டு வருகிறேன்.